வெட்ட வெட்ட வளர்ந்த புண்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, புறநோயாளிகள் வரிசை முடிகிற நேரத்தில் ஒரு ஜீப் வாசல்வரை வந்து நின்றது. தேனி மாவட்டத்தில் தோல் மருத்துவம் பார்க்கிற எனக்கு அந்த ஜீப்புகள் பழக்கம். கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் அவற்றில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்ததும் இறங்கி வருவார்கள். அன்று வந்த ஜீப்பில் மட்டும் பின்சீட்டு முழுக்க ஒரே ஒருவர், இடது காலை நீட்டிப் படுத்திருந்தார்.

வயது 52. பெயரும் ஊரும் வேண்டாம். 9 ஆண்டுகளாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். இரண்டு கை விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கத்தில் ஒரு புண். ஏழு மாதமாக ஆறவில்லை. வலது தொடையில் இன்னொன்று. தோல் ஒட்டுவதற்காக அங்கிருந்து தோல் எடுத்த இடம், அதுவும் புண்ணாகிவிட்டிருந்தது.

கட்டைப் பிரிக்கும் முன்பே அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்தேன். "வெட்ட வெட்ட வளருது சார், ஓடக்கரையில இருக்கிற சீமைக்கருவேலம் கணக்கா."

எழுதி வைத்தேனே தவிர, அன்று அதைக் காதில் வாங்கவில்லை. முதல் நாள் சீட்டில் நான் எழுதிய நோய்ப்பெயர் 'முடக்குவாதத்தால் வந்த ரத்தக்குழாய் அழற்சி', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நீண்ட நாள் முடக்குவாதம், காலில் புண் என்றதும் கை தானாக எழுதிவிடுகிற பெயர் அது.

புண்ணின் தோற்றம்

அளவு 11 × 7 செ.மீ. அடித்தளத்தில் மஞ்சள் நிறச் செத்த சதை. விளிம்பு கத்தரிப்பூ நிறம். லேசாகத் தூக்கினால் அடியில் பொந்து, மழுங்கிய கம்பி ஏறத்தாழ ஒரு செ.மீ. உள்ளே போனது. விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவு ஓட்டைகள், அவற்றில் சீழ். இதையெல்லாம்விட என்னை உறுத்தியது வலி. புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி அது. மின்விசிறிக் காற்று படும்போதே பல்லைக் கடித்தார். சிரைப் புண்ணும் வலிக்கத்தான் செய்யும், ஆனால் காலைத் தூக்கி வைத்தால் ஓரளவு அடங்கும். இது எப்படி வைத்தாலும் அடங்கவில்லை.

பாத நாடிகள் இரண்டும் நன்றாகத் துடித்தன. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 1.02 வந்தது. தமனி அடைப்பு இல்லை. பாதத்தில் தொடுவுணர்ச்சி சரியாக இருந்தது, நரம்புகள் தடிக்கவில்லை. தொழுநோய்ப் புண் என்ற எண்ணம் அங்கேயே போனது. காய்ச்சல் இல்லை. எடை 48 கிலோ, ரத்த அழுத்தம் 148/92.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.9, வெள்ளணுக்கள் 13,400, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 96, சி.ஆர்.பி. 78. அல்புமின் 2.9. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, கோட்டுக்கு மேலே கொஞ்சம். முடக்குவாதக் காரணி 212.

அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் மூன்று மருத்துவமனைகளின் காகிதங்கள் இருந்தன, மலைக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. எல்லாவற்றிலும் புண்ணின் அளவு இருந்தது, சீழ்ப் பரிசோதனை முடிவு இருந்தது, கொடுத்த ஆன்டிபயாட்டிக் பட்டியல் இருந்தது. சூடோமோனாஸ் என்ற கிருமி இரண்டு முறை வளர்ந்திருந்தது. ஏழு மாதம் திறந்து கிடக்கிற புண்ணின் மேல் பஞ்சைத் தடவி அனுப்பினால் ஏதாவது வளரத்தான் செய்யும். வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லும். வீட்டை இடித்தவர் யார் என்று சொல்லாது. அந்த முடிவை நம்பி ஐந்து சுற்று ஆன்டிபயாட்டிக் போயிருந்தது.

முடக்குவாதத்துக்குச் சாப்பிட்டுவந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை 'புண் இருக்கும்போது கூடாது' என்று முதல் மருத்துவமனையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன் எப்படிச் சாப்பிட்டார் என்று மகளைத் தனியாகக் கேட்டேன். இதைக் கேட்காமல் விடவே கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டிய அந்த மாத்திரையைத் தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து, தோலும் புண்ணாகும். இவர் அப்படிச் செய்யவில்லை. வியாழக்கிழமை மட்டும், அதுவும் பாதி வாரங்களில் மறந்துபோய்.

கைப்பேசியில் இருந்த நோய்க்குறிப்பு

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது மகள் தன் கைப்பேசியில் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். திருப்பூரில் இருக்கிற அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப என்றார். "ஆரம்பத்துல இருந்தே அனுப்புவேன் சார்." மொத்தம் 31 படங்கள், ஒவ்வொன்றிலும் தேதி, கீழே இரண்டு வரிச் செய்தி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆடி இரண்டாம் வாரம், மழைக்காலம். ஏலச் செடிக்கு அடியில் குத்தவைத்துக் காய் எடுக்கும்போது அட்டை கடித்தது. தோட்டத்தில் அது கணக்கிலேயே வராத விஷயம். பிடுங்கிப் போட்டுவிட்டு, மடியில் இருந்த வெற்றிலைப் பையில் இருந்து சுண்ணாம்பும் புகையிலையும் வைத்து அழுத்தினார். மூன்றாம் நாள் படத்தில் ஒரு சீழ்க்கொப்புளம், மிளகு அளவு. ஐந்தாம் நாள் அது உடைந்து ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. மூன்று வாரத்தில் குறுக்கே 3 செ.மீ.

புரட்டாசியில் மயக்க மருந்து கொடுத்துச் செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்கு முந்தைய நாள் படத்தில் புண் 4 செ.மீ. இருக்கும். பத்து நாள் கழித்து அதைப்போல் இரண்டு மடங்கு. ஐப்பசியில் மறுபடி வெட்டினார்கள், மறுபடி பெருகியது. கார்த்திகையில் வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆறாம் நாள் ஒட்டிய தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதோடு போயிருந்தால் 'கிருமி அதிகம், அதனால் ஒட்டவில்லை' என்று சொல்லலாம். ஆனால் புத்தம்புதுக் கத்தியால், சுத்தமான இடத்தில் எடுத்த தொடைத் தோலும் இரண்டு வாரத்தில் அதே கத்தரிப்பூ விளிம்போடு குழிவிழுந்தது.

அப்புறம் மார்கழி. ஒரு படத்தில் புண் வறண்டு, விளிம்பின் நிறம் மங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்புச் சதை எட்டிப் பார்த்தது. கீழே மகள் எழுதியிருந்தது: 'அம்மா நேத்து தூங்குச்சு.' என்ன நடந்தது என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்கள். முழங்கால் வீங்கி நடக்கமுடியாமல் போனதால் மலைமேல் ஒரு கிளினிக்கில் 'மூட்டு ஊசி' போட்டார்கள். பைக்குள் துழாவியதில் அந்தச் சீட்டும் கிடைத்தது. தசையில் போடும் நீண்டநேர ஸ்டீராய்டு, ஒரே ஒரு டோஸ். பத்து நாள் நிம்மதி, பிறகு பழையபடி.

ஏழு மாதத்தில் இந்தப் புண்ணுக்குக் கிடைத்த சரியான மருந்து அந்த ஒன்றுதான், அதுவும் முழங்காலுக்காகப் போட்டது. கிருமி தின்கிற புண்ணாக இருந்தால் ஸ்டீராய்டில் சீறியிருக்க வேண்டும். இது கத்தியில் சீறி, ஸ்டீராய்டில் அடங்கியது. 'வெட்ட வெட்ட வளருது' என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மூன்று நாள் ஆனது.

பெயரே தப்பு

பயோடெர்மா கேங்கிரினோசம். இந்தப் பெயரை வைத்தது 1930இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓலியரி மூவரும். ஐந்து நோயாளிகள், அவர்களில் நால்வருக்குப் பெருங்குடல் அழற்சி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் காரணம் என்று அவர்கள் எண்ணினார்கள். அதனால் 'சீழ்பிடித்து அழுகும் தோல்' என்று பொருள்படும் பெயர். அது கிருமி நோயும் இல்லை, அழுகலும் இல்லை என்பது பின்னால் தெளிவானது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் காரணமில்லாமல் கொதித்தெழுந்து சொந்தத் தோலையே கரைக்கும் நோய் அது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்பெயரைப் பார்த்து இன்றைக்கும் யாராவது ஆன்டிபயாட்டிக்கையும் கத்தியையும் எடுத்தால், பாதிக் குற்றம் பெயரின் மேல்.

இதில் தோலுக்கு ஏற்படும் சின்னக் காயமே புதுப் புண்ணைக் கிளப்பலாம். அட்டைக்கடி, முள், ஊசி, அறுவைக்கத்தி எதுவானாலும் சரி. பேத்தர்ஜி என்று அதைச் சொல்வோம். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளே வேறொரு நோய் இருக்கும்: குடல் அழற்சி, மூட்டு அழற்சி, ரத்தப் புற்று வகைகள்.

படங்களைப் பார்த்ததும் பாதி உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த உறுதி ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் மேயோவிலிருந்தே ஒரு கட்டுரை வந்தது: பயோடெர்மா என்று முதலில் முடிவுகட்டப்பட்ட, ஆனால் உண்மையில் வேறு நோய் இருந்த 95 பேரைப் பற்றி. ரத்தக்குழாய் அடைப்பும் சிரை நோயும், ரத்தக்குழாய் அழற்சி, புற்று, காசம், பூஞ்சை போன்ற தொற்றுகள், மருந்தாலும் வெளிப்பொருளாலும் வந்த காயங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களில் சிலருக்கு பயோடெர்மாவுக்கான சிகிச்சையே கெடுதல் செய்திருந்தது. ஆகவே கதை பயோடெர்மாவைக் காட்டினாலும், மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

முதலில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரம், தோலை வேகவைக்கும். அந்தக் காயம் முதல் ஓரிரு நாளிலேயே ஆழமாகிவிடும், வைத்த இடத்தைத் தாண்டிப் பரவாது, தொடைக்கும் போகாது. மூன்றாம் நாள் கொப்புளம் என்பது அதற்குப் பொருந்தவில்லை. பூச்சிமருந்துக் காயத்துக்கும் இதே பதில்தான்.

நான் முதலில் எழுதிய ரத்தக்குழாய் அழற்சி? நகக்கண்ணில் கரும்புள்ளிகள் இல்லை, முழங்கையில் முடிச்சுகள் இல்லை, பாதம் தொங்கவில்லை, அழற்சியில் செலவாகிக் குறையும் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் இரண்டும் இயல்பு. ஏ.என்.சி.ஏ. என்ற எதிர்ப்பொருளும் இல்லை. இது முக்கியம், ஏனென்றால் ஏ.என்.சி.ஏ. வகை ரத்தக்குழாய் அழற்சி அச்சுஅசலாக பயோடெர்மா போலவே வேடம் போடும். ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் இல்லை. மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் இல்லை.

கிரையோகுளோபுலின் பரிசோதனையும் அனுப்பினோம். குளிர்ந்தால் உறையும் புரதம் அது. ரத்தம் ஆய்வகம் போகும்வரை 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். முதல் குழாயைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். 'இல்லை' என்று வந்த அந்த முடிவுக்குக் காகித விலைகூட இல்லை. இரண்டாவதை வெந்நீர் ஊற்றிய டீ ஃபிளாஸ்க்கில் வைத்து ஆளோடு அனுப்பினோம். அதிலும் இல்லை என்றே வந்தது. சி4 இயல்பாகவும் மஞ்சள்காமாலை சி இல்லாமலும் இருக்கும்போது இந்த அலைச்சல் தேவைதானா என்று இப்போது தோன்றுகிறது.

மலைக்குப் போய்வருகிறவர் என்பதால் இன்னொன்றையும் பார்த்தோம். கேரளத்தின் தென்கோடியில், அகத்தியமலைக் காணிக்காரர் குடியிருப்புகளில், மணல் ஈ கடித்துப் பரவும் தோல் லீஷ்மேனியா நோய் பதிவாகியிருக்கிறது. இடுக்கி அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் மணல் ஈ மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் சுரண்டிப் பார்க்கச் செலவும் இல்லை. ஒன்றுமில்லை.

கடைசியாக பயாப்சி. 'தொட்டால் பெருகும் புண்ணில் எப்படிச் சதை எடுப்பது?' என்று இளம் மருத்துவர்கள் தயங்குவார்கள். எடுக்கத்தான் வேண்டும். காசமும் புற்றும் வேறெப்படியும் விலகாது. விளிம்பையும் பக்கத்துத் தோலையும் சேர்த்து, அடிக்கொழுப்பு வரை ஆழமாக, ஒரு முருங்கை இலை வடிவத்துக்கு எடுத்தோம். ஒரு பாதி திசுப் பரிசோதனைக்கு. மறுபாதி பாக்டீரியா, காசநோய்க்கிருமி, பூஞ்சை வளர்ப்புக்கு. மேலே தடவிய பஞ்சு சொல்வதைவிட இந்தத் துணுக்கு சொல்வதற்கு மதிப்பு அதிகம். நியூட்ரோபில் அணுக்கள் திரள்திரளாக இருந்தன. புற்று இல்லை, காசநோய்க்குரிய அணுமுடிச்சு இல்லை, நடுத்தர ரத்தக்குழாய்கள் கெடவில்லை. காசநோய்க்கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில் காசம் இல்லை. ஆழ்சதையில் ஸ்டாபிலோகாக்கஸ் மட்டும் கொஞ்சமாக வளர்ந்தது, அதற்கு ஏழு நாள் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். காசநோய்க்கிருமி வளர்ப்பின் இறுதி முடிவு வர ஆறு வாரம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

திசுத்துணுக்கு பயோடெர்மா என்று எழுதித் தராது. அது தருவதெல்லாம் நியூட்ரோபில் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்ற சாட்சி மட்டும். 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் அந்த நியூட்ரோபில்தான் முதன்மைத் தகுதி. அதோடு எட்டுத் துணைத் தகுதிகளில் நான்கு இருக்க வேண்டும். இவருக்குத் தொற்று விலக்கம், காயத்தில் பெருகுதல், மூட்டு அழற்சி, கொப்புளம் நான்கு நாளுக்குள் புண்ணாதல், வலியோடு கூடிய பொந்து விளிம்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் ஒன்று உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் என்று ஆறு இருந்தன. அவற்றில் இரண்டை மகளின் கைப்பேசி இல்லாமல் நிரூபித்திருக்க முடியாது.

மருந்து, நாங்கள் செய்த தவறு

பிரிட்டனில் 121 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரினையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஆறு மாதத்தில் இரண்டிலும் 47 சதவீதம் பேருக்கே புண் முழுதாக ஆறியது. ஆக, எதை எடுப்பது என்பதை நோயாளியின் உடம்புதான் தீர்மானிக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கடிக்கும். இவருக்கு ஏற்கெனவே 148/92. பிரட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும். இவர் வாசலில் நிற்கிறார். சர்க்கரையைச் சமாளிப்பது எளிது என்று நினைத்துப் பிரட்னிசோலோனை எடுத்தோம். கிலோவுக்கு 0.75 மி.கி. கணக்கில் தினமும் 35 மி.கி., காலை உணவுக்குப் பின்.

அதற்கு முன் இரண்டு வேலைகள். ஈர மண்ணில் வெறுங்காலோடு பாடுபட்டவர் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவி ஆளையே கொல்லலாம். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் ஐவர்மெக்டின் இரண்டு நாள். ஸ்டீராய்டு தொடங்கும் அவசரத்தில் எங்கள் பக்கம் மறந்துபோகிற காரியம் இது.

இரண்டாவது காசநோய்ச் சோதனை. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. மாண்டூ ஊசி போட்ட முன்கையில் மூன்றாம் நாள் 16 மி.மீ. தடிப்பு, நடுவில் ஒரு சீழ்ப்பொட்டு. இது காசத்தின் பதிலா, ஊசி குத்தியதால் பேத்தர்ஜி கிளம்பியதா? இரண்டும் இருக்கலாம். தோலைத் தொடாமல் பதில் தெரிய ரத்தத்தில் காமா இன்டர்ஃபெரான் பரிசோதனை செய்தோம். அதுவும் காசக்கிருமி உடம்பில் இருக்கிறது என்றது. மார்பு எக்ஸ்ரே சுத்தம். 11 ஆண்டுகளுக்கு முன் கணவருக்குக் காசநோய் வந்து, ஆறு மாத மாத்திரை சாப்பிட்டது அப்போதுதான் வெளியே வந்தது. உறங்கும் காசத்துக்கு வாரம் ஒருமுறை 12 வாரம் கொடுக்கும் மாத்திரைக் கூட்டு சுலபம்தான். ஆனால் அதிலுள்ள ரிஃபாபென்டின் கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாகக் கரைத்துவிடும். எனவே ஐசோனியாசிட் 300 மி.கி., பைரிடாக்சினோடு, ஆறு மாதம்.

புண்ணுக்கு நாங்கள் செய்தது கொஞ்சமே. உப்புநீரால் கழுவி, ஒட்டாத பாரஃபின் வலை, மேலே ஈரம் உறிஞ்சும் பஞ்சு. விளிம்பில் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பு. கத்தி இல்லை, கத்தரி இல்லை. செத்த சதையைத் தானாகக் கழலவிட்டோம். கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்பு வலி மாத்திரை. தினம் இரண்டு முட்டை, இரும்புச் சத்து, கால்சியம்.

நான்காம் நாள் காலையில் அவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி ஒரே தூக்கமாம். புண் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, ஆனால் வலி முதலில் போகும். நான்காம் வாரம் 8 × 5. மருந்து தொடங்கி ஒரு மாதத்துக்குள் சுருங்குதல் என்ற துணைத் தகுதியும் ஏழாவதாகச் சேர்ந்தது.

தவறு அந்த நான்கு வாரத்துக்குள்ளேயே நடந்தது. இரண்டாம் வாரம் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 268. பயந்துபோய், இன்சுலினைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஸ்டீராய்டை இறக்கினேன். 35இலிருந்து 20க்கு, இரண்டே வாரத்தில். புண் சுருங்கிக்கொண்டிருந்ததால் துணிச்சல். ஐந்தாம் வாரம் கீழ்விளிம்பில் கத்தரிப்பூ நிறம் திரும்பியது, ஆறாம் வாரம் 9 × 5.5. மகள் அந்தப் படத்தையும் திருப்பூருக்கு அனுப்பியிருப்பார். முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தோம்: காலையில் இன்சுலின், பிரட்னிசோலோன் மறுபடி 30, கூடவே ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் இன்னொரு மருந்து.

அது அடாலிமுமாப், டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஊசி. மூட்டுக்கும் புண்ணுக்கும் ஒரே மருந்தாக ஆகும் என்பதுதான் தேர்வுக்குக் காரணம். இந்தியாவில் 2014 கடைசியில் இதன் உள்நாட்டு நகல் விற்பனைக்கு வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது; இருந்தாலும் தோட்டக் கூலியில் வாங்கக்கூடியதில்லை. காப்பீட்டுக்கும் இலவச ஒதுக்கீட்டுக்கும் அலைந்ததைத் தனியாக எழுதலாம். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். எந்த மேசைக்குப் போனாலும் மற்ற மேசையைக் காட்டினார்கள். ஐசோனியாசிட் ஒரு மாதம் முடிந்த பிறகு, ஆறாம் வார இறுதியில் முதல் ஊசி. 40 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடக்குவாதத்துக்கான அளவில். இன்னொரு பேத்தர்ஜியை எதிர்பார்த்து ஊசி போட்ட இடத்தை மூன்று நாள் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

தொடைப் புண் ஒன்பதாம் வாரம் மூடியது, சல்லடைக் கண்கள் போன்ற வடுவோடு. காசநோய்க்கிருமி வளர்ப்பும் ஒன்றுமில்லை என்று வந்துசேர்ந்தது. பத்தாம் வாரம் கால்புண் 6 × 3.5. கல்லீரல் பரிசோதனை இயல்பாக இருந்ததால் பன்னிரண்டாம் வாரம் மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. மறுபடி தொடங்கினோம். ஸ்டீராய்டு நீண்ட நாள் போகும்போது நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் கொடுக்கும் வழக்கம் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் அது எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும் என்பதால், அந்த மாத்திரை இருந்தால் நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

இரண்டாவது காரணம்

பதினான்காம் வாரத்திலிருந்து புண் அசையவில்லை. 4 × 2 அளவில் நின்றுவிட்டது. வலி இல்லை, விளிம்பில் நிறம் இல்லை, பொந்து இல்லை. பயோடெர்மா தூங்கிவிட்டது தெளிவாகத் தெரிந்தது. மருந்தைக் கூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நான் நோயாளியின் காலுறை அச்சைப் பார்த்தேன். சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே அரை விரல்கடை ஆழத்துக்குப் பள்ளம்.

"அக்கா, வேலைக்குப் போறீங்களா?"

பதில் இல்லை. மகள்தான் சொன்னார். மூன்று வாரமாக, தோட்டத்துக்கு இல்லை, போடியில் காய் தரம் பிரிக்க. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். குற்றம் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் ஒரு கூலி குறைந்திருந்தது.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காலின் நீளச் சிரையில் ரத்தம் பின்னோக்கி வடிந்தது. முதலிலேயே பார்த்திருந்தோம், 'லேசான' என்று எழுதி நகர்ந்திருந்தோம். முடக்குவாதக்காரர்களுக்கு அந்த 'லேசான' போதும். கணுக்கால் மூட்டு இறுகிப்போனால் ஆடுசதை சுருங்கி விரிவதில்லை; ஆடுசதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. பம்பு நின்றால் நீர் தேங்கும், தேங்கிய காலில் எந்த மருந்தும் புண்ணை மூடாது. ஒரே புண்ணுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பதை, முதல் காரணத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறோம்.

முதலில் அழுத்தக்கட்டு போட்டிருந்தால் வலியில் கதறியிருப்பார். இப்போது வலி இல்லை, தமனியில் அடைப்பும் இல்லை. கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இரண்டு அடுக்கு எலாஸ்டிக் கட்டு. மகள் இரண்டே நாளில் எங்கள் செவிலியரைவிட நேர்த்தியாகக் கட்டக் கற்றுக்கொண்டார். தரம் பிரிக்கும் கூடத்தில் மேஸ்திரியிடம் பேசி, எதிரே ஒரு காலி மரப்பெட்டியைப் போட்டுக் காலை நீட்டி உட்காரவும் ஏற்பாடு ஆனது.

27ஆம் வாரம் புண் மூடியது. பிரட்னிசோலோன் அப்போது 5 மி.கி. இன்சுலின் ஏற்கெனவே நின்றிருந்தது.

அவர் முதலில் வந்து இப்போது 14 மாதம் ஆகிறது. நடுவில் ஒருமுறை கையில் முள் கீறி, இரண்டாம் நாளே மிளகு போல் கொப்புளம் வந்தது. படம் எடுத்து எனக்கே அனுப்பினார்கள். குளோபெட்டசால் களிம்பிலேயே பத்து நாளில் அடங்கியது. 'வெட்டுவதற்கு முன், ஊசி போடுவதற்கு முன் இந்த எண்ணில் பேசவும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டை ஒன்று அவர் சுருக்குப்பையில், இப்போதும் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன வாரம் எலும்பு மருத்துவர் அழைத்தார். வலது முழங்கால் முழுதாகத் தேய்ந்துவிட்டது, மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்கிறார். பெரிய வெட்டு, அதே உடம்பில். ஒரு அடாலிமுமாப் டோஸைத் தவிர்த்துவிட்டு அடுத்த வாரத்தில் அறுவை, முன்னும் பின்னும் ஸ்டீராய்டு பாதுகாப்பு, தையலை முடிந்தவரை தோலுக்கு அடியில் போடுவது என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். நோயாளியிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கருவேலம் செத்துப்போச்சா, தூங்குதா சார்?" என்று கேட்டார். தூங்குகிறது என்றுதான் சொன்னேன். ஆடி கழியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போயிருக்கிறார்.